ஐந்து பேர், ஒரே தப்பு

வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருபவர், தக்கலையில் வசிக்கும் ஓய்வு பெற்ற நர்சிங் ஆசிரியை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் படிப்பு பற்றியவை. செமஸ்டர் நெருங்குகிறது என்று தபால் பையே சொல்கிறது. நான்கை எடுத்துக்கொண்டேன். முதல் கடிதம் என்னைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போய்விட்டது, அதனால் அதற்குப் பதில் கொஞ்சம் நீளம்.

கேள்வி: குலசேகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் நாகர்கோவில் போய் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார். வகுப்பில் நாங்கள் ஆறு பேர் ஒரு செட். மாலையில் வகுப்பு விட்டதும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து படிப்போம். ஒருத்தி வாசிப்பாள், மற்றவர்கள் கேட்போம். அப்போது எல்லாமே புரிகிறது. ஆனால் பார்மகாலஜி இன்டர்னலில் கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் ஒன்றுமே வரவில்லை, பாதி மார்க்கூடத் தேறவில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்தால் ஒன்று தூக்கம் வருகிறது, இல்லையென்றால் பயம் வருகிறது. செட்டை விட்டு விலகினால் தலைக்கனம் பிடித்தவள் என்பார்கள். என்ன செய்ய, மேடம்?
— மாணவி, குலசேகரம்

பதில்: மக்ளே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் உன் வாய் திறந்திருந்தது எத்தனை நிமிடம்? சாயா குடிக்கத் திறந்ததைக் கணக்கில் சேர்க்காதே.

ஒருத்தி வாசிக்க ஐந்து பேர் கேட்பதற்குக் கதாகாலட்சேபம் என்று பெயர். கேட்கச் சுகமாக இருக்கும், தலையாட்டத் தோன்றும். எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுப் போகும்போது மடியில் ஒன்றும் இருக்காது. ‘புரிகிறது’ என்று நீ எழுதியிருப்பது பொய்யில்லை. புரிவது வேறு, புத்தகம் இல்லாதபோது எடுத்துச் சொல்ல வருவது வேறு. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல்காரர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்து, ஒரு பகுதியினரைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினரை ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். உன் பரீட்சை ஐந்து நிமிடம் கழித்து இல்லையே.

இப்போது என் கதை. 1981-ல் ஜெனரல் நர்சிங்கில் சேர்ந்தேன். எங்கள் ஹாஸ்டலில் நாங்கள் ஐந்து பேர் பிரியாத கூட்டு. முதல் வருட பிராக்டிகலுக்கு முந்தின இரவு கரண்ட் போய்விட்டது. நடுவில் ஓர் அரிக்கேன் விளக்கு, அதைச் சுற்றி ஐந்து பேர், எல்லாருக்கும் சேர்த்து ஒரே நோட்டு. எங்களில் நன்றாகப் படிக்கிறவள் ஒருத்தி, அவள் எழுதிய நோட்டு. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதனால் பாடப் புத்தகத்தை யாரும் தொடுவதே இல்லை.

மறுநாள் வைவா, வாய்மொழிப் பரீட்சை. மதுரையிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல், அதாவது வெளியூர்த் தேர்வாளர், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, சிரிக்காத முகம். “புட்டத்தில் ஐ.எம். ஊசி (தசைக்குள் போடுவது) எந்த இடத்தில் போடுவாய்?” முதலில் போனவள் “அப்பர் இன்னர் குவாட்ரன்ட்” என்றாள். மேல்பாதியில் உள்பக்கம் என்று அர்த்தம். இரண்டாமவளும் அதையே சொன்னாள். மூன்றாமவளும் அதையே. நான்காவதாக நான் போய் நின்றேன். நானும் அதையே சொன்னேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “ஹாஸ்டலில் நீங்களெல்லாம் ஒரே விளக்கிலா படிக்கிறீர்கள்?” என்றார். எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியப்பட்டேனே தவிர, தப்பு எங்கே என்று எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

சரியான பதில் அப்பர் அவுட்டர், மேல்பாதியில் வெளிப்பக்கம். உள்பக்கமும் கீழேயும் போனால் சயாட்டிக் நரம்பு இருக்கிறது. ஊசி அதில் பட்டால் பாதம் தொங்கிப்போகும், வந்த காய்ச்சலுக்கு வாழ்நாள் நொண்டலைக் கொடுத்து அனுப்பியதாகிவிடும். (இன்றைக்கு அதையும் விட்டுவிட்டு, இடுப்பின் பக்கவாட்டில் வென்ட்ரோகுளூட்டியல் இடமே பாதுகாப்பானது என்று சொல்லித் தருகிறார்கள்.) எங்கள் தோழி அந்த வரியை எழுதும்போது கொசு கடித்ததோ, தூக்கம் சொக்கியதோ, ‘அவுட்டர்’ என்பது ‘இன்னர்’ ஆகிவிட்டது. ஐந்து பேரும் அதைப் பக்தியோடு மனப்பாடம் செய்தோம். ஒரே கிணற்றில் குடித்த தெருவுக்கு ஒரே பேதி.

இதில் எனக்கு இன்றைக்கும் உறுத்துவது வேறொன்று. எக்ஸ்டர்னல் என்னைப் பார்த்து, “வாயை மூடு. கையை உன் இடுப்பில் வைத்து இடத்தைக் காட்டு” என்றார். என் கை தானாக வெளிப்பக்கத்துக்குப் போனது! வார்டில் ஸிஸ்டர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க, நான் ஊசி போட்டிருந்த இடம் அது. கைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. நோட்டை நம்பின அளவுக்கு என் கையை நான் நம்பவில்லை. “இப்போது சொல்லு” என்றார். சொன்னேன். கை காப்பாற்றிய மார்க் அது.

அப்படிப் பட்டும் எனக்கு உடனே புத்தி வரவில்லை. டியூட்டரான பிறகு முதல் சில வருடங்கள் நானே “சேர்ந்து படியுங்கள் பிள்ளைகளே” என்று ஹாஸ்டல் வராந்தாவில் விரட்டிக்கொண்டிருந்தேன். விடைத்தாள் திருத்த உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். ஒரு கூட்டில் எல்லாத் தாளிலும் ஒரே தப்பு, ஒரே வரிசை, ஒரே எழுத்துப்பிழை. காப்பியடிக்கவில்லை, சேர்ந்து படித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே உன் செட்டை விடவேண்டாம், செட்டின் வேலையை மாற்று. படிப்பது அங்கே இல்லை. அங்கே போவது உன் தப்பை மற்றவர்கள் பிடிக்க. பிடிக்க வேண்டுமானால், போகும்போது உன் தலையில் வல்லதும் இருக்க வேண்டும்.

உன் அப்பா விடியுமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் போவார் இல்லையா? வீட்டில் கதவுச் சத்தம் கேட்கும் அந்த நேரம் உனக்கு. இரவு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் தூக்கம் வரத்தான் செய்யும், அதை ஒரு குறையாக எழுதாதே. விடியற்காலையில் ஒரு கட்டன்சாயாவோடு ஒரு மருந்துக் குடும்பம். வாசி, மூடு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுது, திறந்து பார், விட்டதைச் சிவப்பில் எழுது. பயம் வருகிறது என்றாய். தெரியாதது தெரியாதது என்று தனியாக இருக்கும்போதுதான் கண்ணில் படும், அந்தப் பயம் உனக்கு வேலை செய்கிறது.

விஷமுறிவு மருந்துகள் போலத் தலைவிதியே என்று மனப்பாடம் செய்ய வேண்டியவை பஸ்ஸுக்கு. வீட்டில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளைச் சின்னச் சின்னதாக வெட்டிக்கொள். எழுதாத பக்கத்தில் ‘ஹெப்பாரின்’, பூப்போட்ட பக்கத்தில் ‘புரோட்டமின் சல்பேட்’. வார்பரினுக்கு வைட்டமின் கே. மக்னீசியம் சல்பேட்டுக்கு கால்சியம் குளுக்கோனேட். மார்பினுக்கு நலாக்சோன். வடசேரி பஸ் ஸ்டாண்ட் வருமுன் ஒரு கட்டு முடிந்துவிடும். இதற்கெல்லாம் ஆறு பேர் வேண்டாம்.

ஆறு பேர் எதற்கு வேண்டும் என்றால் இதற்கு. நீர் பிரிய வைக்கும் லாசிக்ஸ் மாத்திரையை நீ படித்துவிட்டாய்: சிறுநீரோடு பொட்டாசியமும் வெளியே போகும். தனியாக இதய மருந்தான டிகாக்ஸினும் படித்துவிட்டாய்: கொடுக்குமுன் அப்பெக்ஸில், அதாவது நெஞ்சில் இதய நுனி துடிக்கும் இடத்தில், ஒரு முழு நிமிடம் துடிப்பு எண்ண வேண்டும், பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரண்டும் உன் தலையில் வெவ்வேறு அலமாரியில் கிடக்கின்றன. செட்டில் ஒருத்தி கேட்கட்டும்: “ஒரு தாத்தா இரண்டு மாத்திரையும் சாப்பிடுகிறார். நேற்றிலிருந்து சோறு வேண்டாம் என்கிறார், குமட்டுகிறதாம், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறதாம். நீ என்ன பார்ப்பாய்?” பொட்டாசியம் குறைந்த உடம்பில் அதே அளவு டிகாக்ஸினும் நஞ்சாகும் என்பது அந்த நிமிடத்தில் உனக்குப் பிடிபடும். பிடிபட்டால் பிறகு மறக்காது. இந்த மாதிரிக் கேள்வியை நீயே உன்னிடம் கேட்டுக்கொள்ள முடியாது, ஏனென்றால் பதில் தெரிந்த கேள்விகள்தான் உனக்குத் தோன்றும்.

ஒரே ஒரு கட்டளை மட்டும் வை. பதிலில் தகராறு வந்தால் ஓட்டெடுப்பு கிடையாது. நாலு பேர் சொல்வதால் இன்னர் அவுட்டர் ஆகிவிடாது. புத்தகத்தைத் திற. யாருடைய நோட்டையும் திறக்காதே, புத்தகத்தையே திற.

தலைக்கனம் என்பார்களே என்றாய். நாளைக்குப் போய், “எனக்கு வாசிச்சுக் காட்ட வேண்டாம், என்னைக் கேள்வி கேளுங்க, நான் தப்பாச் சொல்லுவேன், சிரிங்க” என்று சொல்லிப் பார். தலைக்கனம் பிடித்தவள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டாள்.

கேள்வி: ஜெனரல் நர்சிங் மூன்றாம் ஆண்டு. வகுப்பில் ஆண்கள் நாலே பேர். மற்ற மூன்று பேருக்கும் படிப்பில் நாட்டமில்லை. பெண்கள் குழுக்களில் என்னைச் சேர்ப்பதில்லை. மிட்வைஃபரி பாடம் அவர்களுக்குச் சுலபமாக வருகிறது, லேபர் வார்டில் எனக்குக் கிடைக்கும் கேஸும் குறைவு. டிரிப் கணக்கு மட்டும் எனக்கு நன்றாக வரும். குழு இல்லாமல் தேற முடியுமா?
— மாணவர், அருமனை

பதில்: தம்பி, சுசீந்திரம் தேரோட்டம் பார்த்திருப்பாய். வடத்தைப் பிடித்திருக்கும் எல்லாரும் இழுக்கிறார்கள் என்றா நினைக்கிறாய்? பாதிப் பேர் வடத்தைத் தொட்டுக்கொண்டு நடந்து வருவார்கள், புண்ணியத்துக்குக் குறைவில்லை. ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் கயிறு இழுக்கச் சொல்லி இதை அளந்தே பார்த்துவிட்டார், நூறு வருடத்துக்கு முன்பே. ஆள் சேரச் சேரத் தலைக்குத் தலை இழுப்பு குறைந்தது. எட்டுப் பேர் இழுத்தபோது ஒருவர் பங்கு ஏறக்குறையப் பாதிதான். எட்டுப் பேர் குழுவில் உன்னைச் சேர்க்கவில்லையே என்று ஏங்காதே. உனக்கு வேண்டியது ஒரே ஓர் ஆள்.

அந்த ஆளைப் பிடிக்க உன்னிடம் சரக்கு இருக்கிறது, நீயே எழுதிவிட்டாய். 500 மில்லி சலைன், 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், டிரிப் குழாய் செட்டில் மில்லிக்கு 20 சொட்டு. 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 42 சொட்டு. செட்டின் கவரில் 15 என்று அச்சிட்டிருந்தால் அதே பாட்டிலுக்கு 31. கவரைப் பார்க்காமலே கணக்குப் போடுகிறவர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். இதில் தடுமாறும் ஒரு பெண்ணாவது உங்கள் வகுப்பில் இருப்பாள். கான்டீன் மேசையில், நாலு பேர் பார்க்க, அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடு. பதிலுக்கு அவள் உனக்கு ஆப்கார் (பிறந்த குழந்தையின் நிலையைப் பார்த்துப் போடும் மார்க்) கேட்கட்டும்.

எப்படி என்றால், அவள் ஒரு குழந்தையைச் சொல்வாள்: பிறந்து ஒரு நிமிடம், உடம்பு சிவப்பு, கைகால் நுனி நீலம், இதயத்துடிப்பு 110, அழுகை மெலிசு, கைகாலைக் கொஞ்சம் மடக்குகிறது, சீண்டினால் முகம் சுளிக்கிறது. நீ விரல் விட்டு எண்ணாமல் சொல்ல வேண்டும். நிறத்துக்கு 1, துடிப்புக்கு 2, மூச்சுக்கு 1, தசைக்கு 1, சுளிப்புக்கு 1, ஆக 6. லேபர் வார்டில் உனக்குக் கிடைக்காத குழந்தைகளை இப்படி ஒரு மாதத்தில் நூறு பார்த்துவிடலாம். நிஜப் பிரசவத்துக்கு இது ஈடாகாது. அதற்கு உன் டியூட்டரிடம் நேராகப் போய், “எனக்கு கேஸ் குறைகிறது” என்று எழுதிக் கொடு, வாயால் சொன்னது காற்றோடு போகும்.

மற்ற மூன்று பேரையும் அப்படியே விட்டுவிடாதே. படிக்காதவர்களும் நோயாளியாகப் படுப்பதற்கு உதவுவார்கள்.

கேள்வி: தனியாகவோ சேர்ந்தோ, எதற்கு இத்தனை மனப்பாடம்? போனில் எல்லாம் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் நோட்ஸ் வருகிறது. வார்டில் சீனியர் அக்கா பக்கத்தில் இருப்பார், கேட்டுக்கொள்ளலாமே?
— முதலாம் ஆண்டு மாணவி, குளச்சல்

பதில்: உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத நெய்யூரில், 1838-ல் தொடங்கின மிஷன் ஆஸ்பத்திரியில் சாமர்வெல் என்று ஓர் இங்கிலாந்து சர்ஜன் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தார். மலையேறுகிறவர். 1924-ல் எவரெஸ்டில் உச்சிக்குக் கொஞ்சம் கீழேவரை போய்த் திரும்பும் வழியில், கடுங்குளிரில் வெந்துபோயிருந்த தொண்டைச் சவ்வு உரிந்து குறுக்கே அடைத்துக்கொண்டது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கூட வந்த நார்ட்டன் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். கூப்பிடக் குரல் இல்லை. பனியில் உட்கார்ந்துவிட்டவர், கடைசியாக இரண்டு கையாலும் தன் நெஞ்சைத் தானே ஓங்கி அமுக்கினார். அடைத்தது இரத்தத்தோடு வெளியே வந்தது. எழுந்து நடந்தார். பிறகு நெய்யூருக்கு வந்து நம் ஆட்களுக்கு எத்தனையோ வருடம் ஆபரேஷன் செய்தார்.

கூட ஆள் இருந்தும் அந்த நேரத்துக்கு உதவியது கையிலும் தலையிலும் இருந்ததுதான். இரவு 2 மணிக்கு உன் நோயாளி நீலமாகும்போது சீனியர் அக்கா வார்டின் அந்தக் கடைசிக் கட்டிலில் கதீட்டர் போட்டுக்கொண்டிருப்பார். நெஞ்சில் 30 அமுக்கு, வாயில் 2 மூச்சு, அமுக்கும் வேகம் நிமிடத்துக்கு 100-லிருந்து 120 என்பதை அப்போது போனில் தேடுவாயா?

அப்படி அவசரமாக வராதவை எத்தனையோ இருக்கின்றன, அவற்றைப் புத்தகத்தில் பார்த்துக்கொள், தப்பில்லை. வாட்ஸ்அப் நோட்ஸ் பற்றி, முதல் கேள்விக்கு எழுதியிருக்கும் அரிக்கேன் விளக்குக் கதையை ஒருமுறை வாசி. எங்கள் விளக்கைச் சுற்றி ஐந்து பேர்தான் உட்கார முடிந்தது.

கேள்வி: பேத்தி நர்சிங் படிக்கிறாள். பரீட்சை வந்தால் ஞாயிற்றுக்கிழமை நாலு தோழிகளோடு எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். படிப்பைவிடச் சிரிப்புச் சத்தம்தான் கேட்கிறது. விரட்டவும் மனசில்லை. எனக்கு 71 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். பிள்ளைகளுக்குத் தின்ன என்ன கொடுக்கலாம், எப்படி அடக்கி உட்கார வைக்கலாம்?
— பாட்டி, திருவட்டாறு

பதில்: அக்கா, உங்கள் கடிதம்தான் இந்த மாதம் எனக்குப் பிடித்தது.

மத்தியானம் மரச்சீனியும் மீன்கறியும் வைத்தால் ஐந்தும் திண்ணையிலேயே சாய்ந்துவிடும், அதைப் பரீட்சை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மட்டிப்பழம் ஒரு சீப்பு போதும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின பழம், தோல் மெலிசு, ஒரு கையால் தின்றுகொண்டே மறு கையால் எழுதலாம்.

அடக்க வேண்டாம், அவர்களுக்கு ஒரு நோயாளியைக் கொடுங்கள். நீங்களே நோயாளி. சாயா குடித்து அரைமணி நேரம் கழித்து, முதுகு சாய்ந்த நாற்காலியில் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கால் தரையில் இருக்கட்டும், கால்மேல் கால் வேண்டாம். கையை நெஞ்சு உயரத்துக்கு மேசைமேல் வைத்து நீட்டுங்கள். ஒவ்வொருத்தியாக வந்து பி.பி. பார்க்கட்டும். ஒருத்தி பார்த்ததும் இரண்டு நிமிடம் இடைவெளி. பார்த்ததை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, தாளில் எழுதி மடித்து உங்கள் மடியில் போட வேண்டும். மற்ற நாலு பேரும் அப்போது முற்றத்தில் இருக்கட்டும்.

ஐந்து தாளும் விழுந்த பிறகு பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டு நாலு மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும், அது பரவாயில்லை. முதல் தாளில் கொஞ்சம் கூடுதலாக இருப்பதும் வழக்கம்தான். ஆனால் ஒருத்தி 150 என்றும் இன்னொருத்தி 126 என்றும் எழுதியிருந்தால், அங்கே ஆரம்பிக்கும் பாருங்கள் படிப்பு. கஃபைச் சட்டைமேல் கட்டினாளா, காற்றைச் சட்டென்று இறக்கினாளா, பாதியில் உங்களோடு ஊர்க்கதை பேசினாளா என்று ஐந்தும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். சிரிப்புச் சத்தம் அப்போதும் கேட்கும், விட்டுவிடுங்கள். எண்ணிக்கை தொடர்ந்து கூடுதலாக இருந்தால் மட்டும் உங்கள் டாக்டரிடம் அந்தத் தாள்களைக் கொண்டு காட்டுங்கள்.

ஐந்தாவது பிள்ளை பம்ப் அடிக்கும்போது கை கடுத்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம் அக்கா, நன்றாக நாலு வார்த்தை திட்டுங்கள். வார்டில் அதுவும் கிடைக்கும்.